வீட்டுக்குறிப்பு கேள்வி பதில்: சோபா ஓரத்துக் குட்டி மேசை

கேள்வி (ஈசூன் வாசகி): எங்களுடையது நான்கறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சோபா பக்கத்தில் ஒரு சைடு டேபிள் வாங்கிப் போட்டோம். கோப்பிக் கோப்பையை எடுக்க ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருக்கிறது. எந்த உயரம் சரி?

பதில்: கடையில் மேசையை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான். தரையிலிருந்து சோபாவின் கைப்பிடி எவ்வளவு உயரம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். மேசை அதே உயரமாகவோ, 5 செ.மீ. வரை தாழ்வாகவோ இருக்கலாம். கைப்பிடி 60 என்றால் மேசை 55 முதல் 60. அதற்கு மேல் போனால் முழங்கை இடித்துக் கோப்பை கவிழும். இடம் நெருக்கடி என்றால் ஆங்கில 'C' எழுத்து வடிவ மேசை நல்லது; அடிப்பகுதி சோபாவுக்குக் கீழே நுழைந்துகொள்ளும். சோபா தரையோடு ஒட்டி இருந்தால் மட்டும் உதவாது.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): சூடான கோப்பை வைத்ததில் தேக்கு முக்காலியில் வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. போகுமா?

பதில்: வெள்ளை என்றால் பெரும்பாலும் போகும். ஈரம் மேல்பூச்சுக்குள் மட்டும்தான் சிக்கியிருக்கிறது. ஒரு நாள் காயவிடுங்கள். அப்படியும் போகாவிட்டால் பருத்தித் துணியை இரண்டாக மடித்து வளையத்தின்மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், 5 விநாடி வைத்து எடுங்கள். துணியைத் தூக்கிப் பாருங்கள். மங்கத் தொடங்கியிருந்தால் மறுபடி அதே 5 விநாடி. அவசரப்பட்டுத் தொடர்ந்து அழுத்தினால் பூச்சு கொப்பளிக்கும். வளையம் கறுப்பாக இருந்தால் ஈரம் மரத்துக்கே இறங்கிவிட்டது, தேய்த்துப் புதுப்பூச்சு கொடுப்பதுதான் வழி. மரம்போல் தாள் ஒட்டிய மேசையில் இதைச் செய்யவே வேண்டாம், பசை இளகிவிடும்.

கேள்வி (பிடோக் வாசகி): வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மேசைக்கால் அடியில் ரொட்டிபோல் உப்பிவிட்டது. ஏன்?

பதில்: அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தரை துடைக்கும் ஈரம், அடியில் மூடாமல் விட்ட வெட்டு விளிம்பு வழியாக ஏறியிருக்கிறது. உப்பியது இனி இறங்காது. அடுத்ததற்கு நான்கு காலிலும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குமிழ் அடித்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். கம்பளித் துண்டு ஒட்டாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கேள்வி (ஜூரோங் வாசகர்): சாவி வைக்க வாசலுக்கு வெளியே, நடைபாதையில் ஒரு மேசை போடலாமா?

பதில்: தீ பிடித்தால் ஆட்கள் ஓட 1.2 மீட்டர் வழி விடவேண்டும். அளந்து பார்த்துப் போதவில்லையென்றால் உள்ளேயே வையுங்கள். சாவியை வெளியே வைப்பானேன்?