மனச்சோர்வு, உடனிருத்தல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் மனைவிக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். 10 நாட்களாகியும் மாற்றமில்லை. நான் ஊக்கமாகப் பேசாத நாளில்லை. ‘உனக்கு என்ன குறை?’ என்று எடுத்துச் சொன்னால் அழுகிறாள். மாத்திரையை நிறுத்திவிட்டு யோகா செய்யச் சொல்லலாமா? அவள் படிக்க நல்ல தன்னம்பிக்கை நூல் ஒன்றைச் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நூல் எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் மனதில் நிற்காத நிலையில் இருப்பவரிடம் தன்னம்பிக்கை நூலை நீட்டுவது கொடுமை. யோகாவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இவ்வகை மருந்துகள் பலன் தரத் தொடங்கவே பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்கள் ஆகும்.

என்னை உறுத்தியது வேறு. உங்கள் கடிதத்தில் நீங்கள் பேசுகிறீர்கள், எடுத்துச் சொல்கிறீர்கள், முடிவெடுக்கிறீர்கள். உங்கள் மனைவி என்ன சொன்னார் என்பது ஓரிடத்தில்கூட இல்லை. ‘உனக்கு என்ன குறை?’ என்பதை ஆறுதல் என்றே நீங்கள் நம்புகிறீர்கள். ஒரு குறையும் இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்று விடியும் முன்பே விழித்துக்கொண்டு தன்னையே தின்றுகொண்டிருப்பவருக்கு அது குற்றப்பத்திரிகை. அந்தக் குற்றவுணர்வே நோயின் ஓர் அறிகுறி. அதற்கு நீங்கள் வேறு சாட்சி சொல்கிறீர்கள்!

இதைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் கிறிஸ்டீன் வான், ஜூலியன் லெஃப் என்ற இருவர் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் உறவினர்களைப் பேசவிட்டு, அவர்கள் நோயாளியைக் குறைகூறிய இடங்களைச் சொல்லால் மட்டுமன்றிக் குரலின் தொனியாலும் கண்டறிந்து எண்ணினார்கள். குறைகூறல் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பியது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளைவிட மனச்சோர்வு உடையவர்களைக் குறைவான குறைகூறலே சாய்த்துவிட்டது என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. நோய்க்கே குடும்பம்தான் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், வீட்டில் நாம் பேசும் தொனிக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு உண்டு.

என் அக்காவுக்கு இந்நோய் முற்றியிருந்தபோது, பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி கண்ணாடிமுன் நின்றுகொண்டே இருப்பாள். பேஸ்ட் காய்ந்து ஓரங்களில் வெடித்துவிடும். கடந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தான் மட்டும் தன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று பேசாமல் பல் துலக்குவார். வெகுநேரம் கழித்து அக்காவின் கையும் அசையும். சில நாட்கள் அசையாது. அன்றைக்கும் அவர் முகம் சுளித்ததில்லை. அவர் ஒன்றும் ஞானி அல்ல, மற்ற விஷயங்களில் மகா கோபக்காரர்.

புத்திமதி சொல்வது நமக்குத்தான் எளிது; சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எழுந்து போய்விடலாம். அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களும் உடன் செல்லுங்கள், அங்கே உங்கள் மனைவி பேசட்டும். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்பதையும் அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், வாதம் செய்யாமல், தனியே விடாமல், அப்போதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.