கையடக்க ஜி.பி.எஸ். கருவிக்கு எந்த இடவிளக்கப்படம்? திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

மலையேறவும் காட்டுவழி நடக்கவும் போகிற திருகோணமலை நண்பர்கள், கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் எந்த இடவிளக்கப்படத்தை ஏற்றுவது என்று கேட்டு அனுப்பியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கிவிட்டேன். எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருவியை வாங்கிவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கே இன்று முதலிடம்.

உவர்மலை: லண்டனிலிருந்து சித்தப்பா இ-ட்ரெக்ஸ் 22எக்ஸ் கொண்டுவந்து தந்தார். அங்கே தெருத்தெருவாகக் காட்டியதாம். இங்கே கரையோரக் கோடும் இரண்டு பெரிய வீதிகளும்தான் தெரிகின்றன. கருவி பழுதா?

பழுதில்லை. இ-ட்ரெக்ஸைச் செய்யும் கார்மின் நிறுவனம் கருவியை விற்கும் பிரதேசத்துக்கு ஏற்றபடி வரைபடத்தை உள்ளே வைத்து அனுப்புகிறது. ஐரோப்பாவில் வாங்கிய கருவிக்குள் ஐரோப்பாதான் இருக்கும். நீங்கள் காண்பது உலகம் முழுவதற்குமான அடிப்படைப் படம். அதை வைத்துக் கன்னியாவுக்குக்கூடப் போக முடியாது.

பொதுமக்களே சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவிலிருந்து கார்மின் கருவிகளுக்கென்று ஆக்கப்பட்ட இலங்கைப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓபன்டோப்போமேப் என்ற தளம் நாடுவாரியாகத் தருகிறது, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளும் உண்டு. ஐ.எம்.ஜி. கோப்பைப் பதிவிறக்கி, மைக்ரோ எஸ்டி அட்டையில் 'கார்மின்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள் போடுங்கள். நாடு சிறியது, சிறிய அட்டையே போதும். இன்னொன்று: இ-ட்ரெக்ஸ் 10 வைத்திருப்பவர்கள் முயல வேண்டாம். அதில் அட்டை போட இடமே இல்லை.

உப்புவெளி: காசு கொடுத்து வாங்கும் படம் இலவசப் படத்தைவிடத் திருத்தமாக இருக்கும் அல்லவா?

ஐரோப்பாவின் சில நாடுகளில் ஆம். அங்கே அரச அளவைத் தாள்களையே கருவிக்கு ஏற்றபடி விற்கிறார்கள். இலங்கைக்கென்று அட்டையில் ஏற்றி விற்கப்படுபவற்றில் நான் திறந்து பார்த்தவை, அதே ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவுக்கு வேறு நிறம் பூசியவை. அப்படி விற்பதற்கு அந்தத் தரவின் உரிமமே இடம் தருகிறது, குற்றமில்லை. ஆனால் உங்கள் பணத்தை நல்ல மீள்மின்னேற்றப் பற்றரிகளுக்கும் ஒரு கடதாசித் தாளுக்கும் செலவழிப்பது மேல்.

விலையைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கக்கூடிய ஓர் இடத்தைப் படத்தில் திறந்து பாருங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்னும் படகுத்துறை போட்டிருக்கிற படம், மற்ற இடங்களில் மட்டும் புதிதாகவா இருக்கும்? பிறகு உங்கள் ஊர்க் குளத்தின் கட்டு, வயலுக்குப் போகும் வண்டிப்பாதை, கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கை. இவை சரியென்றால் மட்டும் அட்டையில் ஏற்றுங்கள். எங்கள் பக்கத்துக் குளங்களைப் பொறுத்தவரை ஒரு விட்டுக்கொடுப்பு வேண்டும்: மார்கழியில் நிறைந்து ஆவணியில் வற்றும் குளத்துக்குப் படத்தில் ஒரே ஒரு கரைதான் வரைய முடியும். நீலம் காட்டுகிற இடத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தால் படம் பிழையென்று எறியவேண்டியதில்லை.

நகர், உயர்தர மாணவி: சேர், புவியியல் பாடத்துக்கு வாங்கிய 1:50,000 இடவிளக்கப்படம் வீட்டில் இருக்கிறது. அதிலுள்ள ஆள்கூற்றைக் கருவியில் கொடுத்தால் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. படம் பிழையா, நான் பிழையா?

பிள்ளை, இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். படமும் சரி, நீங்களும் சரி.

பூமியில் ஓர் இடத்துக்கு எண் கொடுக்க வேண்டுமென்றால், எங்கிருந்து, எந்த வடிவப் பூமியில் அளக்கிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குத்தான் டேட்டம் என்று பெயர். நில அளவைத் திணைக்களம் நெடுங்காலம் பயன்படுத்தியது கந்தவளை டேட்டம். அதற்கு அடிப்படை எவரெஸ்ட் 1830 என்ற பூமி வடிவம். நெய்யரியின், அதாவது தாளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஆள்கூற்றுக் கட்டங்களின், தொடக்கப்புள்ளி பீதுருதலாகலை உச்சி. உங்கள் கருவியோ, வேறொன்றும் சொல்லாவிட்டால், டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது டேட்டத்தில் கணக்கிடுகிறது. ஒரே அகலக்கோடு, நெடுங்கோட்டு எண்ணை இரண்டிலும் இட்டால் தரையில் இரண்டு இடங்கள் வரும். இலங்கையில் அந்த வித்தியாசம் சில நூறு மீட்டர்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திணைக்களம் பின்னர் எஸ்.எல்.டி. 99 என்ற புதிய டேட்டத்துக்கு மாறியது. பழைய நெய்யரியில் பீதுருதலாகலைக்குக் கிழக்கு 200,000 மீட்டர், வடக்கு 200,000 மீட்டர் என்று எண் கொடுத்திருந்தார்கள். புதியதில் இரண்டும் 500,000. ஆகவே உங்கள் கையிலுள்ள எண் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது இலகு. திருகோணமலை நகரம் பழைய கணக்கில் ஏறத்தாழ கிழக்கு 251, வடக்கு 374 கிலோமீட்டர். புதிய கணக்கில் 551, 674. இரண்டிலும் மூன்றிலும் தொடங்கினால் பழையது, ஐந்திலும் ஆறிலும் தொடங்கினால் புதியது. மலைநாட்டுக்குப் போனால் இந்த எண்கள் மாறும் என்பதை மறக்கவேண்டாம்.

கருவியில் செய்ய வேண்டியது: அமைப்புகளில் இட வடிவத்தையும் டேட்டத்தையும் திறந்தால் நீண்ட பட்டியல் வரும். கந்தவளை அதில் இருக்கிறது. அதைத் தெரிவு செய்து, நெய்யரிக்குப் பயனர் நெய்யரி என்பதை எடுத்து, மைய நெடுங்கோடு 80 பாகை 46 கலை 18 விகலை, அளவுக் காரணி 0.9999238, தொடக்கப்புள்ளிக்குக் கொடுத்த கிழக்கு எண்ணாகிய பொய்க் கிழக்கு 200,000 என்று கொடுங்கள். தொடக்க அகலக்கோட்டையும் கேட்கும் கருவியென்றால் 7 பாகை 0 கலை 1.7 விகலையுடன் பொய்வடக்கு 200,000. சரிபார்க்கக் கோட்டை வாசலில் போய் நில்லுங்கள். தாளில் வாசித்த எண்ணும் திரையும் ஒத்துவரும். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர் ஆகையால், அதைவிட நுணுக்கமாக ஒத்துவர வேண்டுமென்று அடம்பிடிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் டபிள்யூ.ஜி.எஸ். 84 க்குத் திருப்பி வைத்துவிடுங்கள். விபத்து நேர்ந்து தொலைபேசியில் உதவி கேட்பவர் கந்தவளை எண்ணைச் சொன்னால், மீட்க வருகிறவர்கள் வேறு பள்ளத்தாக்கில் தேடுவார்கள்.

அதே மாணவி: அந்தத் தாளையே கருவிக்குள் போட முடியாதா?

முடியும். தேவையான பகுதியை மட்டும் படமெடுத்து, கணினியில் கூகுள் எர்த் செய்மதிப் படத்தின் மேல் விரித்து, வீதிச் சந்தி, பாலம், குளக்கட்டின் முனை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை இழுத்துப் பொருத்தி, கே.எம்.இசட். கோப்பாகச் சேமித்துக் கருவியின் 'கஸ்டம் மேப்ஸ்' கோப்புறையில் போட வேண்டும். கண்ணால் பொருத்துவதால் டேட்டத் தொல்லை தானே தீர்ந்துவிடும். படம் பெரிதானால் கருவி அதை மங்கலாக்கும், அல்லது ஏற்க மறுக்கும். சிறு துண்டுகளாக வெட்டுங்கள். தாளின் பதிப்புரிமை திணைக்களத்துடையது. சொந்தப் பாவனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் பகிர வேண்டாம்.

குச்சவெளி: நக்கிள்ஸ் மலைக்குப் போகிறோம். சமவுயரக் கோடு 10 மீட்டர் இடைவெளியில் உள்ள படம் நல்லதா, 20 மீட்டரா?

20. காரணம் கேளுங்கள். இலவசப் படங்களிலுள்ள சமவுயரக் கோடுகளைப் பெரும்பாலும் யாரும் தரையில் நின்று அளக்கவில்லை. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த உயரத் தரவிலிருந்து கணினி வரைந்தவை அவை. அந்தத் தரவில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே இருப்பதைக் கணினி ஊகித்து நிரப்புகிறது. ஊகத்தை 10 மீட்டர் இடைவெளியில் வரைந்தால் அது திருத்தமாகிவிடாது. திரை கறுக்கும், கருவி மந்தமாகும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரைவரை இறங்காமல் மரத்தலைகளோடு திரும்பிவிடும். உங்கள் ஊரிலேயே பார்க்கலாம்: வயல்வெளி முடிந்து பாலையும் வீரையும் நெருங்கி நிற்கும் காடு தொடங்கும் எல்லையில், தரை சமமாக இருக்க, படத்தில் ஒரு கோடு எழும்பும். அது மேடல்ல, மரம். நக்கிள்ஸில் இது உயிரோடு விளையாடும் விடயம். கூரிய உச்சி சற்று மழுங்கித் தெரியும். ஒடுங்கிய கிடங்கு பாதி நிரம்பித் தெரியும். பத்து மீட்டர்ச் செங்குத்துப் பாறை தெரியவே தெரியாது. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து என்று நம்புங்கள். கோடுகள் விலகியிருந்தால் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். மூடுபனியில் கோட்டைப் பார்த்துக் குறுக்குவழி இறங்கும் எண்ணமே வேண்டாம்.

கந்தளாய்: காட்டுக்குள் போகும் பாதையொன்று படத்தில் புள்ளிக்கோடாக இருக்கிறது. மறுபக்கம் வீதியைத் தொடுகிறது. இருசக்கர வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று நினைக்கிறோம்.

தம்பி, அந்தப் புள்ளிக்கோடு மூன்று விதமாக வந்திருக்கலாம். ஒருவர் கருவியோடு நடந்து பதிந்தது ஒன்று. வெளிநாட்டிலிருந்து ஒருவர் செய்மதிப் படத்தைப் பார்த்துக் கணினியில் வரைந்தது இன்னொன்று. மூன்றாவது, மேலிருந்து பாதைபோலத் தெரிந்த யானைத்தாரை அல்லது வற்றிய ஓடை. கருவி மூன்றையும் ஒரே மாதிரி வரையும்.

யானை வேலி பெரும்பாலும் படத்தில் இராது. காட்டுக்குள் நடக்க அனுமதி தேவையா என்பதும் படத்தில் இராது. எங்கள் மாகாணத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லவேண்டும்: கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால், கருவி எந்த வழியைக் காட்டினாலும் வந்த தடத்திலேயே திரும்புங்கள். நீங்கள் கேட்ட பாதையைப் பற்றி அயலிலுள்ள மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். அவர் போகாத பாதையில் நீங்களும் போக வேண்டாம்.

கிண்ணியா: மீன்பிடிக்குப் போகிறவன் நான். இந்த இலவசப் படம் கடலுக்கும் உதவுமா?

உதவாது நானா. இடவிளக்கப்படத்துக்குக் கரையோடு வேலை முடிந்துவிடும். ஆழம், பாறை, கலங்கரை வெளிச்சம் எதுவும் அதில் நம்பும்படி இராது. புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல்லை அது வெறும் நீலமாகக் காட்டும். கடலுக்குக் கடல்வழி வரைபடம் தனியாக வேண்டும். உங்கள் வலைப் புள்ளிகளைப் பதிந்து வைக்க மட்டும் என்றால் எந்தப் படமும் தேவையில்லை. புள்ளிகள் கருவியில் தனியாக நிற்கும்.

பாலையூற்று: ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் வருகின்றன. தமிழில் வராதா?

பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்தில் பெயர் தரும் படத்தைத் தெரிவு செய்யுங்கள். தமிழ்ப் பெயரே வேண்டுமென்றால் கைபேசியில் ஆஸ்மேண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் செயலி. தரவில் தமிழ்ப் பெயர் பதியப்பட்ட ஊர்கள் தமிழில் தெரியும். உங்கள் ஊர்ப் பெயர் அதில் இல்லையென்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சாம்பல்தீவு: அப்படியென்றால் கைபேசியே போதாதா?

பகல் நடைக்குப் போதும், படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால். இரவு தங்குவதென்றால், மழையென்றால், இரண்டு ஏஏ பற்றரியை மாற்றிப்போடக்கூடிய கருவிதான் என் தெரிவு. நனைந்த விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது.

நிலாவெளி: கடற்கரையில் நிற்கிறேன். கைபேசிச் செயலி கடல் மட்டத்துக்குக் கீழே 90 மீட்டருக்கு மேல் என்கிறது!

செய்மதிகள் உயரத்தைக் கணிப்பது கணிதத்தால் ஆன வழவழப்பான ஒரு பூமியிலிருந்து. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்புக்கு ஏற்ப மேடுபள்ளமாக இருக்கிறது. அந்த மட்டம் உலகிலேயே மிகத் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில். ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. அதன் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கும் தொண்ணூறு சொச்சம். கையடக்கக் கருவிகள் இதைத் தாமே திருத்திக் காட்டும். சில செயலிகள் திருத்துவதில்லை, அமைப்புகளில் தேடிப் பாருங்கள். உங்கள் கருவியில் காற்றமுக்கத்தைக் கொண்டு உயரம் கணிக்கும் அமுக்கமானி இருந்தால், நடைக்குப் புறப்படும் காலையில் அதே கடற்கரையில் பூச்சியம் என்று திருத்தி வையுங்கள். மலையடிவாரத்தில் உயரம் எழுதிய பலகையைக் கண்டால் மறுபடி திருத்துங்கள். வானிலை மாறினால் எண்ணும் மாறும்.

மூதூர்: இரண்டு படங்களை ஏற்றினேன். ஒன்றுதான் தெரிகிறது.

ஒன்று மற்றதை மூடிக்கொண்டிருக்கிறது. வரைபட அமைப்பில் ஒன்றை அணைத்துவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் உங்களுடையது பழைய கருவியாக இருக்கலாம். அவற்றில் சில, குறிப்பிட்ட ஒரே பெயரில் உள்ள கோப்பை மட்டுமே வாசிக்கும். ஒவ்வொரு படத்தையும் வேறு வேறு அட்டையில் வைத்து மாற்றிப் போடுங்கள்.