ஆவாரை வேரில் முடிச்சு கிடையாது

கேள்வி: எங்கள் மானாவாரித் தரிசில் ஆவாரையும் கொழுஞ்சியும் தானாக வளர்கின்றன. இரண்டும் காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கும், ரைசோபியம் என்ற வேர் முடிச்சு பாக்டீரியா பாக்கெட்டும் யூரியாவும் போட்டால் மண் சீக்கிரம் தேறும் என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கலாமா? (விவசாயி, புதுக்கோட்டை)

பதில்: வேண்டாம்.

கொழுஞ்சி விஷயத்தில் அவர் சொன்னது சரி. அதன் வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும்; செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். ஆவாரை அப்படி அல்ல. பயறு வகைக் குடும்பம்தான், காயைப் பார்த்தாலே தெரியும். ஆனால் வேரில் முடிச்சு கிடையாது. சரக்கொன்றைக்கும் கிடையாது. மண்ணில் ஏற்கெனவே இருப்பதைத் தேடி எடுத்து இலையில் சேர்க்கும், அவ்வளவுதான். ஆவாரைத் தழையை வெட்டி வயலில் மிதித்தால் பலன் உண்டு. ஆனால் அது தரிசில் இருந்ததை வயலுக்கு மாற்றுவது, புது வரவு இல்லை. சவுக்கு இதற்கு நேர்மாறு. பயறுக் குடும்பமே இல்லை, ஆனாலும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரோடு கூட்டுச் சேர்ந்து முடிச்சு போடும். காய் இருந்தால் முடிச்சும் இருக்கும் என்ற தப்புக் கணக்கில்தான் பல பாக்கெட்டுகள் விற்கின்றன.

நீங்களே பாருங்கள். முளைத்து 40 நாளான கொழுஞ்சியைப் பிடுங்காதீர்கள், முடிச்சு அறுந்து மண்ணில் நின்றுவிடும். மண்கட்டியோடு வெட்டியெடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அப்படியானால் வேண்டிய பாக்டீரியா உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. பாக்கெட்டில் இருப்பதும் உயிர்தான். தகரக் கொட்டகைச் சூட்டில் கிடந்தால் செத்துவிடும். செத்ததையும் அதே விலைக்குத்தான் விற்பார்கள்.

அப்புறம் யூரியா. 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து. சும்மா கிடைக்கும்போது கொழுஞ்சி சர்க்கரையைச் செலவழிக்குமா? முடிச்சைக் குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள மேட்டு மண்ணில் யூரியாவின் தழைச்சத்து முதலில் அமோனியம், பிறகு நைட்ரேட் என்ற வடிவத்துக்கு மாறும். அந்த நைட்ரேட்டுக்கு முதலில் வாய் திறப்பவை முள்ளுக்கீரை மாதிரியான குப்பைமேட்டுச் செடிகள். தண்ணீர் தேங்கும் நிலத்தில் கதை வேறு: அங்கே பெரும்பாலும் அமோனியமாகவே நிற்கும், நெல் அதை எடுத்தே பழகியது.

என்னிடம் வரும் மண் வள அட்டைகளில் ‘தழைச்சத்து குறைவு’ என்று இருக்கும், கீழே யூரியா அளவு இருக்கும். தரிசில் என்ன முளைத்திருக்கிறது என்று கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது!

கொழுஞ்சி விதையைச் சேகரியுங்கள். தோல் கெட்டி, மணலோடு தேய்த்து விதையுங்கள். பூக்கும்போது மடக்கி உழுங்கள். விதைக்கென்று ஒரு ஓரத்தை விட்டுவைக்க வேண்டும். ஆவாரை அதன் பாட்டுக்கு இருக்கட்டும், பொங்கலுக்குப் பூ ஆகும்.