கையால் செய்யும் வாழ்த்து மடல்: கேட்டவையும் பதில்களும்

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். அது முடிய மாரி, மாரியோடு கிறிஸ்மஸ், மறுகா தைப்பொங்கல். கையால் மடல் செய்கிறவர்களுக்கு வேலை கூடுகிற மாதங்கள் இவை. கல்முனைப் பக்கமிருந்தும் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடத்தில் ஒரே பதிலாகச் சேர்த்துவிட்டேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, இப்பதான் தொடங்கப் போறன். டை கட் மெஷின் இருந்தாத்தான் மடல் வடிவா வருமா? கையில கொஞ்சக் காசுதான் இருக்கு.

டை என்கிற உலோக அச்சை அமுக்கிக் கடதாசியைப் பூ வடிவில் வெட்டுகிறதுதான் டை கட் மெஷின். இப்போதைக்கு அது வேண்டாம். இருக்கிற காசை முதலில் நல்ல கடதாசிக்கும் நல்ல மைக்கும் போடுங்க. மெல்லிய, சுருளுகிற கடதாசியில் எந்த மெஷினால் வெட்டிய பூவை ஒட்டினாலும் மடல் எழும்பி நிற்காது. நல்ல அட்டையில் ஒரே ஒரு அச்சுக் குத்தி, ஓரத்தில் சின்னக் கடதாசிப் பூ ஒன்று வைத்தாலே போதும், வாங்கினவர் அலுமாரியில் எடுத்து வைப்பார்.

அடிமடலுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் கடதாசி எத்தனை கிராம் என்கிற கணக்கு) அட்டை எடுங்க. மேலே ஒட்டுகிற அடுக்குகளுக்கு 160 முதல் 200 போதும். பூவுக்கு அதிலும் மெல்லியது. கூரான வெட்டுக்கத்தி, இரும்பு அடிமட்டம், பைண்டர் கம், டபுள் டேப் இருந்தால் தொடங்கலாம். மெஷின் ஆசை ஒரு வருசம் கழித்தும் இருந்தால், உங்களைப் போல நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்க. எல்லாருக்கும் ஒரே நாளில் அது தேவைப்படாது.

கல்லடியிலிருந்து: பிறிஸ்டல் போர்ட்டை மடிச்சா மடிப்பில வெடிச்சு வெள்ளையாத் தெரியுது. என்ன செய்யலாம்?

கடதாசிக்கு இழை ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ் ஓடுகிற திசையிலேயே நார்களும் படுத்துவிடும். இழையோடு மடித்தால் மடிப்புச் சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் நார் முறிந்து வெடிக்கும். தாளைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்க. எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ அதுதான் இழையின் திசை.

ஏ4 தாள் 297 மில்லிமீற்றர் நீளம், 210 அகலம். பெரும்பாலான ஏ4 தாளில் இழை நீளவாக்கில்தான் ஓடும். நீளத்தை நடுவில் வெட்டி இரண்டு துண்டாக்குங்க. ஒவ்வொரு துண்டின் 210 பக்கத்தையும் 105இல் மடித்தால் இழையோடு மடிப்பு வரும், மடலும் ஏ6 அளவாகிவிடும். 114க்கு 162 அளவுள்ள சி6 உறைக்குள் அது இடைஞ்சல் இல்லாமல் போகும். பெரிய பிறிஸ்டல் போர்ட்டில் வெட்டினால் இழையை முதலில் பார்த்துவிட்டுத்தான் அளவு போட வேண்டும்.

மடிக்க முன்னம் கோடு அமுக்க மறக்க வேண்டாம். மை முடிந்த போல்பொயின்ற் பேனையை அடிமட்டத்தோடு சேர்த்து ஒருதரம் இழுங்க. ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் விழும். மேடு உள்ளுக்குப் போகிற மாதிரி மடித்தால் வெடிக்காது. அநேகமானவர்கள் இதை மாறிச் செய்கிறார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: மை தொட்டுக் குத்துற ஸ்டாம்ப், அங்கால தெரியிற மாதிரிக் கண்ணாடி போல இருக்கிறது, ஒரு செற் வாங்கினன். குத்தினா நடுவில விட்டு விட்டுப் பதியுது.

புது ஸ்டாம்ப்பின் முகத்தில் வழுவழுப்பு இருக்கும், மை அதில் துளித்துளியாக உருண்டு நிற்கும். வெள்ளை அழிறப்பரால் முகத்தை மெல்லத் தேய்த்துவிட்டுப் பாருங்க, பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும். மீதிப் பாதி மேசையில். கட்டியான மேசையில் அட்டையை நேரே வைக்காமல், கீழே பழைய மவுஸ் பேட் ஒன்றைப் போடுங்க. ஸ்டாம்ப்பை மையில் போட்டு அமுக்காமல், மைப்பெட்டியைக் கையில் எடுத்து ஸ்டாம்ப்பின் மேல் தட்டித் தட்டிப் பூசுங்க. குத்தும்போது ஆட்டக்கூடாது. நேரே இறக்கி, அமர்த்தி, நேரே தூக்க வேண்டும்.

கழுவ ஈரத்துணி போதும். வெயிலில் காயப்போட வேண்டாம், மஞ்சளித்து இறுகிப்போகும்.

அதே ஆள்: கச்சான் காத்துக் காலத்தில மைப்பெட்டி ஒரு கிழமையில காய்ஞ்சு போகுது.

மூடியை இறுக்கி, தலைகீழாக வையுங்க. மை மேல்முகத்துக்கு இறங்கி நிற்கும். காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்தால் இன்னும் நல்லது.

ஏறாவூரிலிருந்து: ஸ்டாம்ப் குத்தி உள்ளுக்கு வோட்டர் கலர் பூசினா கோடெல்லாம் கரைஞ்சு ஓடுது.

நீங்க பாவிப்பது கந்தோர் சீல் மை போலத் தெரிகிறது. அது தண்ணீர் பட்டால் ஓடும், வெளிச்சத்தில் மங்கும். தண்ணீருக்குக் கரையாதது என்று பெட்டியில் எழுதியிருக்கிற கறுப்பு மை ஒன்று வாங்குங்க, குத்தி நன்றாகக் காயவிட்டு நிறம் பூசுங்க. கைக்கு அது கிடைக்கும்வரை கலர் பென்சில் தீட்டலாம், அதுவும் அழகுதான்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா: எல்லாரும் ரோசாப்பூதான் செய்யினம். நம்மட வளவில நிக்கிற பூவைச் செய்து மடலில வைக்கலாமா? மழை நாளில பூ வாடின மாதிரித் தொங்குது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க ரீச்சர்.

இந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன் அம்மா. கடையில் வருகிற டையெல்லாம் ரோசாவும் டெய்சியும்தான். செவ்வரத்தைக்கும் தாமரைக்கும் கொன்றைக்கும் அச்சுத் தேடிப் போக வேண்டாம், வளவுக்குள் இறங்கி ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தால் அச்சு அங்கேயே இருக்கிறது.

செவ்வரத்தைக்கு ஐந்து இதழ். பூ ஒன்றைப் பறித்து இதழைக் கழற்றி அட்டையில் வைத்து ஓரம் வரைந்தால் அதுதான் உங்கட மாதிரி. மடலுக்கு அதைப் பாதியாகச் சிறுப்பியுங்க. கிரேப் கடதாசியில் வெட்டும்போது சுருக்கக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். அப்போதுதான் இரண்டு பெருவிரலாலும் நடுவைக் குறுக்கே இழுத்தால் கிண்ணம் போலக் குழியும். நுனியை விரலால் நீவி நீவி அலையாக்குங்க. இதழ்களை ஒன்றின் ஓரத்தில் மற்றது ஏறுகிற மாதிரி ஒட்டுங்க, உண்மையான பூவிலும் அப்படித்தான்.

நடுவில் நீளுகிற தண்டுதான் செவ்வரத்தையின் அடையாளம். சிவப்பு நூலை பைண்டர் கம்மில் தோய்த்து நேராகக் காயவிட்டால் விறைத்து நிற்கும். மேல் பாதியில் மறுபடி கம் தொட்டு, மஞ்சள் பொடியில் பிரட்டுங்க. பொடிக்கு ரவையை நிறமாக்கிப் பாவிக்கிறவர்கள் உண்டு. நான் அதைச் சொல்லமாட்டேன், நம்மட ஊரில் எறும்பும் வண்டும் வரும். கடற்கரை மணலை அரித்து, கழுவி, மஞ்சள் பெயின்ற் பிரட்டிக் காயவைத்தால் மாறாமல் இருக்கும்.

தாமரைக்கு நுனி கூரான இதழ்கள், மூன்று அடுக்கு, உள்ளுக்குப் போகப் போகச் சிறிதாக. அடியில் வெள்ளையும் நுனியில் ரோசும் வர, வெட்ட முன்னம் கடதாசியின் ஓரத்தில் ரோஸ் மையைப் பஞ்சால் தேய்த்துவிடுங்க. கொன்றைக்கு ஒரு பூ போதாது. ஐந்து இதழ் மஞ்சள் பூக்களைச் சின்னதாக நிறையச் செய்து, மடலின் மேல் மூலையிலிருந்து சரமாகத் தொங்கவிட வேண்டும். அது புத்தாண்டு மடலுக்கு எடுப்பு.

ரோசாவையே விரும்புகிறவர்களுக்கும் ஒரு வரி: 8 அல்லது 10 சென்ரிமீற்றர் வட்டம் ஒன்றை நத்தைச் சுருள் மாதிரி வெட்டி, வெளி நுனியிலிருந்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்து, கொஞ்சம் தளரவிட்டு, நடுவில் மிஞ்சுகிற வட்டத்தில் கம் வைத்து அமர்த்துங்க.

இனி மழை. நம்மட பக்கம் நொவெம்பர், டிசெம்பரில்தான் காற்றில் ஈரம் கடுமை. கடதாசி அந்த ஈரத்தைக் குடித்து இளகும். கோதுமை மாப் பசை பாவித்தால் அது இன்னும் மோசம், பூஞ்சணமும் பிடிக்கும், வெள்ளிப் பூச்சியும் தின்னும். பைண்டர் கம்மைத் தண்ணீர் விடாமல், குச்சி நுனியில் கொஞ்சமாகத் தொட்டு ஒட்டுங்க. செய்த பூக்களை பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வருகிற சின்னச் சின்னச் சிலிக்கா பைகளை அதோடு வையுங்க. வெயில் நாளில் பூக்களைச் செய்து சேர்த்துவிட்டு, மாரியில் ஒட்டுகிற வேலையை மட்டும் பார்க்கலாம்.

செங்கலடியிலிருந்து: எம்போஸிங் பவுடர் போட்டு ஹெயார் ட்ரையர் பிடிச்சன். பவுடர் பறந்ததுதான் மிச்சம்.

எம்போஸிங் பவுடர் என்பது குத்தின மையில் தூவிச் சூடாக்கினால் உருகிப் புடைத்து நிற்கிற தூள். ஹெயார் ட்ரையருக்குக் காற்று அதிகம், சூடு போதாது. இதற்கென்றே காற்றுக் குறைந்த, சூடு கூடிய ஹீட் கன் வருகிறது. அது இல்லாவிட்டால் அயன்பொக்ஸைச் சூடாக்கி, அட்டையின் பின்பக்கத்தை அதன் முகத்துக்கு அருகில் பிடியுங்க. தூள் உருகி மினுங்கத் தொடங்கிய இடத்திலிருந்து மெல்ல நகர்த்த வேண்டும். பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்க வேண்டாம்.

தூள் ஒட்ட, மெதுவாகக் காய்கிற மை வேண்டும். வேர்சாமார்க் போன்ற நிறமில்லாத மை அதற்குத்தான். வேண்டாத இடமெல்லாம் தூள் ஒட்டினால் அட்டையில் ஈரம் இருக்கிறது. குத்த முன்னம் துணியில் முகப்பவுடர் கொஞ்சம் கட்டி, அட்டையில் ஒற்றி எடுங்க.

காத்தான்குடியிலிருந்து: ரீச்சர், பெருநாள் மடலுக்கு ஈத் முபாரக் எண்டு அரபில ஸ்டாம்ப் வேணும். அழிறப்பரில நானே வெட்டலாமா? எழுத்துத் திரும்பிப் போகுமே?

வெட்டலாம் மகள். மெல்லிய தாளில் 4பி போன்ற மென்மையான பென்சிலால் நேராகவே எழுதுங்க. எழுதின முகத்தை அழிறப்பரில் கவிழ்த்து, பின்பக்கத்தைக் கரண்டி முதுகால் தேயுங்க. எழுத்து தானாகத் திரும்பி அழிறப்பரில் ஒட்டும். அதைச் சுற்றி வெட்டினால் குத்தும்போது நேரே வரும். கத்தியை எழுத்திலிருந்து வெளிப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், உள்ளுக்குச் சாய்ந்தால் கோட்டின் கால் மெலிந்து முறியும். அரபில் புள்ளிகள்தான் கவனம், ஒரு புள்ளி போனால் எழுத்தே வேறு.

அழிறப்பர் சின்னது என்றால், கந்தோர் சீல் செய்கிற கடையில் உங்கட எழுத்தைக் கொடுத்தால் றப்பரில் செய்து தருவார்கள். ஒன்று மட்டும்: மடல் சிலவேளை குப்பைக்கும் போகும். அதனால் வாழ்த்தோடு நிறுத்துவது நல்லது, ஓதுகிற வசனங்களை ஸ்டாம்ப்பாக வெட்ட நினைத்தால் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்க.

அம்பாறை நகரிலிருந்து: என்னிடம் கையால் சுத்துற மெஷின் இருக்கு. ரேந்தை மாதிரி நுணுக்கமான டை போட்டா பாதிதான் வெட்டுது, மிச்சம் டைக்குள்ளேயே சிக்குது.

டையை நேராக வைக்காமல் கொஞ்சம் சரித்து வையுங்க, உருளை ஒரே நேரத்தில் நீளமான விளிம்பு முழுவதையும் அமுக்க வேண்டியிராது. போதாவிட்டால், டையையும் அட்டையையும் நடுவில் வைத்து அமுக்குகிற தட்டுகளுக்கு இடையில் சாதாரணத் தாள் ஒன்றிரண்டு கூட்டுங்க. அதற்குமேல் கூட்டி இறுக்கிச் சுற்றினால் உருளைதான் பழுதாகும். டைக்கும் அட்டைக்கும் நடுவில் மெழுகுத்தாள் துண்டு ஒன்று வைத்தால் வெட்டினது லேசாகக் கழரும். வெட்டுத்தட்டு வளைந்திருந்தால் மறுபக்கம் திருப்பிப் போடுங்க, நிமிரும்.

உங்களிடம் மெஷின் இருப்பதால் இன்னொன்று: பழைய சட்டையின் உண்மையான ரேந்தையை அட்டைக்கு மேல் வைத்து, அதற்கு மேல் மெல்லிய றப்பர் விரிப்புப் போட்டுச் சுற்றிப் பாருங்க. பூவேலை அப்படியே அட்டையில் புடைத்து நிற்கும். பன்பாயின் பின்னலையும் எடுக்கலாம், ஆனால் பாய் தடிப்பு, அதை மெஷினுக்குள் விட வேண்டாம். பாய்க்கு மேல் தாளை வைத்து மெழுகுதிரியால் தேய்த்து, மேலே வோட்டர் கலர் பூசுங்க. பாயின் பின்னல் வெள்ளையாக எழும்பும்.

திருக்கோவிலிலிருந்து ஒரு ஆசிரியை: வகுப்பில நாற்பது பிள்ளைகள். ஸ்டாம்ப் வாங்க வசதியில்லை.

வெண்டிக்காய் கொண்டுவரச் சொல்லுங்க. குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் வலைக்கட்டம். வெட்டின முகத்தைத் துணியில் ஒற்றி, வழுவழுப்புப் போனபின் பெயின்ற் தொட்டுக் குத்த வேண்டும். பெயின்ற்றைத் தட்டில் ஊற்றாமல், பழைய ஸ்பொஞ்சில் ஊறவிட்டால் அளவாக ஒட்டும்.

மருதமுனையிலிருந்து: கைத்தறித் துணி வெட்டுத்துண்டு நிறைய மிஞ்சுது. மடலுக்கு ஆகுமா?

ஆகும், எனக்கும் அனுப்புங்க! வெட்டப் போகிற கோட்டில் தண்ணீர் கலந்த பைண்டர் கம்மைப் பூசிக் காயவிட்டு வெட்டினால் நூல் பிரியாது. மடலில் ஒட்டும்போது கம் வேண்டாம், துணிக்கு மேலால் ஊறித் தெரியும். டபுள் டேப்பால் ஒட்டுங்க.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி: எங்கட ஊர்ல கடதாசி ஆலை இருந்தும், நாங்க அட்டை வெளியில வாங்குறம். வீட்டில செய்யலாமா?

செய்யலாம். 1950களில் தொடங்கிய உங்கட ஆலை வைக்கோலிலிருந்துதான் கூழ் எடுத்தது. வைக்கோலை நாராக்கக் காரம் போட்டு அவிக்க வேண்டும், அது வீட்டு வேலை இல்லை. பழைய கொப்பித் தாளைக் கிழித்து ஊறவைத்து அரைத்துக் கூழாக்குங்க. நுளம்பு வலை அடித்த மரச் சட்டத்தால் தொட்டியிலிருந்து அள்ளி, துணியில் கவிழ்த்து, பாரம் வைத்துக் காயப்போடுங்க. ஊறவைத்த வைக்கோல் துணுக்கு கொஞ்சம் தூவினால் பொன்னிறக் கோடுகள் தெரியும். காய்ந்த தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். ஸ்டாம்ப் குத்துவதென்றால், மெல்லிய கஞ்சிப்பசை ஒரு கை பூசிக் காயவிட்டு, அயன் பண்ணிவிட்டுக் குத்துங்க.

கல்முனையிலிருந்து: பூ வைத்த மடலைக் கனடாவுக்குத் தபாலில் அனுப்பினால் நசுங்காதா?

நசுங்கும். வெளிநாட்டுத் தபாலில் சிறிய கடிதம் 5 மில்லிமீற்றர் தடிப்பைத் தாண்டக்கூடாது, அதற்கு மேல் போனால் பெரிய கடிதத்தின் கட்டணம். தூர அனுப்புகிற மடலுக்குத் தட்டையான இதழ்களை ஓரடுக்காக ஒட்டி, மேலே மெல்லிய தாள் ஒன்று மூடுங்க. எழும்பின பூத்தான் வேண்டுமென்றால் உறையை விட்டுவிட்டு, அட்டையால் தாழ்வான பெட்டி செய்து பார்சலாக அனுப்ப வேண்டும். காய்ந்த இலை, விதை, உண்மையான பூ எதையும் ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம், அங்கே சுங்கத்தில் எடுத்துவிடக்கூடும்.