குதிரைமேல் கை வைத்தால் நோய் போகுமா? கேட்டதும் சொன்னதும்

இங்கிலாந்தில் குதிரை லாயங்களில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். உள்ளங்கை வழியே உயிர்ச்சக்தியைப் பாய்ச்சுவதாகச் சொல்லும் ரெய்கியையும் இரண்டாம் நிலை வரை கற்றிருக்கிறேன். அடிபட்ட, நோயுற்ற குதிரைகளுக்குக் கை வைத்துச் செய்யும் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

அக்கா, ரெய்கி குதிரைக்கென்றே வந்த முறையா?

இல்லை. ஜப்பானில் மிகாவோ உசுய் 1922-ல் மனிதர்களுக்காகத் தொடங்கியது. கியோட்டோ பக்கத்தில் உள்ள குராமா மலையில் நோன்பு இருந்தபோது அது அவருக்குக் கிட்டியதாக அவர் வழி வந்தவர்கள் சொல்வார்கள். ஹவாயில் பிறந்த ஹவாயோ தகாடா அதை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுபோனார். லாயத்துக்குள் நுழைந்ததெல்லாம் அதற்கும் பிறகுதான்.

நீங்கள் எப்படிச் செய்வீர்கள்? நேராக வலிக்கிற இடத்தில் கை வைப்பதா?

அது மட்டும் வேண்டாம். வலிக்கிற இடத்தைத் தொட்டால் உதை நிச்சயம். நான் லாயக் கதவுக்கு வெளியே நின்று புறங்கையை நீட்டுவேன், அது வந்து முகரட்டும். பிறகு உள்ளே போய்த் தோள்பட்டைப் பக்கமாக நின்று ஒரு உள்ளங்கையைத் தோளிலும், மற்றதைக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலும் வைப்பேன். அழுத்த மாட்டேன், தேய்க்க மாட்டேன். முதல் ஐந்து நிமிடம் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அது உலர்புல்லை மென்றுகொண்டே இருக்கும். அப்புறம் மெல்லுவது நிற்கும், தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கீழுதடு தொங்கும், கண் பாதி மூடும். சில குதிரைகள் தாடை கழன்றுவிடுமோ என்று பயப்படும் அளவுக்குக் கொட்டாவி விடும். காதைப் பின்னால் மடித்தாலோ, வாலைச் சுழற்றினாலோ, ஓரடி விலகினாலோ கையை எடுத்துவிடுவேன். ஐந்நூறு கிலோ உருப்படியிடம் வாதாடி என்ன ஆகப்போகிறது?

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உண்மையிலேயே சக்தி பாய்கிறதா, இல்லை எல்லாம் மனப்பிரமையா?

நியாயமான கேள்விதான். ரெய்கிக்கு அண்ணன் தம்பி மாதிரி 'தெரபியூட்டிக் டச்' என்று ஒன்று உண்டு, உடம்புக்கு மேலே கையை நீட்டியே அதன் சக்தியை உணர்வதாகச் சொல்வார்கள். அதைச் செய்கிற 21 பேரை எமிலி ரோசா என்ற ஒன்பது வயது அமெரிக்கச் சிறுமி சோதித்தாள். நடுவில் ஒரு தடுப்பு. அவர்களுடைய இரு கைகளில் எதன்மேல் தன் கையை நீட்டியிருக்கிறாள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் 44 சதவீதம்தான் சரி. காசு சுண்டியிருந்தால்கூடப் பாதி தேறியிருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அது வெளியானது. அதைப் படித்த பிறகு 'சக்தி' என்ற சொல்லை நான் யாரிடமும் பயன்படுத்துவதில்லை.

ஆனால் தொடுகை என்பது வேறு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் கழுத்தடிதான். அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-லேயே பிரான்சின் கமார்க் இனக் குதிரைகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பெர்லினில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. கேட்பவரின் தலை அசைவை வைத்தே அது குளம்பைத் தட்டுகிறது, நிறுத்துகிறது என்று 1907-ல் அம்பலமானது. அவ்வளவு நுட்பமாக நம்மைப் படிக்கிற பிராணியின் பக்கத்தில் ஒருவர் இருபது நிமிடம் பதறாமல் நின்றால் அதுவும் அடங்கும். எனக்கு அந்த விளக்கமே போதும்.

என் குதிரைக்கு வயிற்று வலி வந்தபோது ஒருவர், "டாக்டர் வேண்டாம், நான் கை வைத்தே சரிசெய்கிறேன்" என்றார். விடலாமா?

கூடவே கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க்கணக்கு. முதலில் டாக்டருக்குப் போன். பிறகு தீனியை எடுத்துவிட்டு நாடியை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் அதையும் போனில் சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மருந்து கொடுக்காதீர்கள், அறிகுறியை மறைத்துவிடும். புரண்டு அடிக்கிற குதிரையின் பக்கத்தில் போகவும் வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை படுத்துக் கிடந்த குதிரையின் விலாவில் நாற்பது நிமிடம் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அமைதியாகிவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. அது அமைதி இல்லை, அசதி. டாக்டர் வந்து பார்த்தபோது துடிப்பு 72. அறுவை செய்து பிழைத்தது. அந்த நாற்பது நிமிடம் என் கணக்கில்தான் இருக்கிறது.

முன்னங்கால் தசைநாண் கிழிந்துவிட்டது. கை சிகிச்சையால் சீக்கிரம் ஆறுமா?

ஆறாது. ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். ஸ்கேன் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க விட வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் லாயத்தில் அடைபட்ட குதிரை பித்துப் பிடித்த மாதிரி சுற்றும், துள்ளும், ஆறிய தசைநாணை மறுபடி கிழித்துக்கொள்ளும். தினமும் கால் மணி நேரம் கை வைத்து நின்றால் அது நிதானமாக இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த வேலைக்கு அதிகப் பயன் இங்கேதான்.

போட்டோ அனுப்பினால் தூரத்திலிருந்தே செய்வதாகச் சொல்கிறார்கள். கட்டணமும் கேட்கிறார்கள்.

அந்தப் பணத்தில் லாடம் மாற்றுங்கள்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டம் உண்டா?

நோய் இன்னதென்று சொல்வதும் மருத்துவம் பார்ப்பதும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை என்கிறது 1966-ம் ஆண்டுச் சட்டம். கை வைக்கிறவர் "சிறுநீரகத்தில் அடைப்பு தெரிகிறது" என்று ஆரம்பித்தால், அன்போடு வாசல்வரை கூட்டிப்போய் விடுங்கள்.

அந்தியூர்ச் சந்தையில் கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறேன் அம்மா. எனக்கு வயது அறுபத்திரண்டு. ரெய்கி வகுப்புக்குப் போகட்டுமா?

ஐயா, அதற்கு முன்னால் விரலைப் பழக்குங்கள். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம், இரு ஓரத்திலும் ஒரு நாடி ஓடுகிறது. நலமாக இருக்கும்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். குளம்புக்குள் அழற்சி வந்தால் தொட்டவுடன் திம் திம் என்று அடிக்கும், குளம்பும் சுடும். முன்னங்காலை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அது நன்றாக இருக்கிற நாளிலேயே தினமும் தொட்டுப் பழகுங்கள், அப்போதுதான் மாறினால் தெரியும். ஆனால் கட்டைவிரலை வைத்து எண்ணாதீர்கள். உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.