வாசல் சரிவு, நடைபாதை, மரம்: கேள்வி பதில்

சென்னை, புறநகர்த் தெருக்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. நகரமைப்பு வரைபடங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். வாஸ்து கேட்காதீர்கள்.

மடிப்பாக்கம்: குடியிருப்புத் தெருவில் நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103-ஆம் எண் வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் தாண்டிப் போக அவ்வளவு வேண்டும். மரம், விளக்குக் கம்பம், மின்வாரியப் பெட்டி எதுவும் இந்த 1.8-க்குள் வரக்கூடாது. அவற்றுக்குச் சாலையோரமாகத் தனிப் பட்டை உண்டு. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு அடி உயர்த்திக் கட்டினால் வயதானவர்கள் ஏற மாட்டார்கள், சாலையில்தான் நடப்பார்கள்.

வேளச்சேரி: காரை ஏற்ற கேட்டுக்கு வெளியே சிமெண்ட் சரிவு போடலாமா?

கூடாது. நடைபாதை உங்கள் வாசலிலும் அதே மட்டத்தில் ஓட வேண்டும். கார்தான் ஏறி, அதைக் கடந்து, உள்ளே போக வேண்டும். 150 மில்லிமீட்டர் ஏறுவதற்கான சிறு சரிவு, மரமும் கம்பமும் நிற்கும் அந்த ஓரப் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். வீட்டுத்தளம் அதற்கு மேல் எவ்வளவு உயரமோ, அந்தச் சரிவு முழுக்க கேட்டுக்கு உள்ளே. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வெளியே சரித்தால் நடைபாதை ஒட்டகத்தின் முதுகுதான். சக்கர நாற்காலிக்கு ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். உங்கள் சரிவில் அதை யார் தள்ளுவது?

அம்பத்தூர்: மனைப்பிரிவில் பூங்காவுக்கு எவ்வளவு இடம்?

10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் 10 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை, இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். இடமாகவே கொடுங்கள்.

போரூர்: எங்கள் மனையில் எத்தனை மாடி கட்டலாம்?

ஆவணம் பார்க்காமல் சொல்ல முடியாது. உரிமம் பெற்ற பொறியாளரைப் பாருங்கள்.

பம்மல்: வெளியே சின்னதாக ஒரு சரிவு மட்டும்...

வேளச்சேரிக்காரருக்குச் சொன்னதுதான்.

குரோம்பேட்டை: சார், ஏட்டுச் சுரைக்காய் பேசாதீர்கள். சாலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இரண்டு அடி உயரத்தில் கட்டிய வீடு இப்போது பள்ளத்தில். சரிவை உள்ளே வைத்தால் மழைத் தண்ணீர் ஹாலுக்கு வராதா?

கோபம் நியாயம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்குப் புதுத் தார் போட்டால் சாலை உயராது. 2021-இல் தலைமைச் செயலாளரே இதை வலியுறுத்தினார். உங்கள் வாசலுக்கு வழி இதுதான்: கேட்டுக்கு உள்ளே முதலில் ஒரு கையளவு மேடு, அப்புறம் உள்பக்கச் சரிவு, அது முடியும் இடத்தில் இரும்புக் கம்பி மூடிய குறுக்குக் கால்வாய். தெருத் தண்ணீரை மேடு தடுக்கும். உங்கள் முற்றத்துத் தண்ணீரைக் கால்வாய் மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகும். அந்தத் தொட்டி 2003 முதல் கட்டாயம், இருக்கிறதா?

குரோம்பேட்டை, மறுபடி: தொட்டி இருக்கிறது. சுரண்டாமலே தார் போட்டால்?

கேட் தூணில் இன்றைய சாலை மட்டத்துக்கு ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் போடுங்கள். வேலை தொடங்கும் நாளில் பொறியாளரிடம் அதைக் காட்டிப் பேசினால் வாக்குவாதம் சுருங்கும்.

பல்லாவரம் (குறுக்கே): கோடு போட்டோம். கோட்டின் மேலேயே தார் போட்டுவிட்டார்கள்!

அப்படியென்றால் புகாரோடு கோட்டின் படத்தையும் இணையுங்கள். அடுத்த கோட்டை ஒரு அடி உயரத்தில் போட்டு, சாலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை எழுதி வையுங்கள். குரோம்பேட்டைக்காரரும் அப்படியே செய்யட்டும். முதலில் நான் சொன்னது அரைகுறை.

அடையாறு: வாசலில் என்ன மரம் வைக்கலாம்?

புங்கன், பூவரசு, மகிழம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடிமரம் வரை சிமெண்ட் பூசினால் வேர் எங்கே போகும்? சுற்றிலும் ஒரு மீட்டர் மண் விடுங்கள்.

முகப்பேர்: கேட்டுக்கு வெளியே கிரானைட் சரிவு போட்டால் அழகாக இருக்குமா?

மழையில் வழுக்கும். கேட்டுக்கு உள்ளே போட்டு நீங்களே வழுக்கி விழுங்கள்.