பிளைண்ட் ஃபெயித் குறுந்தகட்டின் கடைசி இரண்டு பாடல்கள்

பிளைண்ட் ஃபெயித் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் ஆல்பக் குறுந்தகட்டில் உள்ள கடைசி இரண்டு பாடல்கள் நண்பரின் இசைத்தட்டில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் குறுந்தகட்டில் 7, 8 ஆம் எண்களில் உள்ள ‘எக்ஸ்சேஞ்ச் அண்ட் மார்ட்’, ‘ஸ்பெண்டிங் ஆல் மை டேஸ்’ ஆகிய இரண்டும் பிளைண்ட் ஃபெயித்தின் பாடல்களே அல்ல. நண்பரின் இசைத்தட்டில் அவை இல்லாததற்குக் காரணமும் அதுவே.

எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஜிஞ்சர் பேக்கர், ரிக் கிரெச் ஆகிய நால்வரும் 1969 ஆம் ஆண்டுக்குள்ளேயே கூடிப் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஒரே ஆல்பத்தில் இருந்தவை ஆறு பாடல்கள்தாம். கிரெச் தமது தனி ஆல்பத்துக்காகத் தொடங்கி நிறைவு செய்யாத பதிவுகளிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து, 1986 குறுந்தகட்டு மறுவெளியீட்டில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பதிப்பாகவே இருக்கும்.

ஏறத்தாழ 15 நிமிடங்கள் நீளும் ‘டூ வாட் யூ லைக்’ ஆறாவதாக வருகிறதா என்று பாருங்கள். மூல ஆல்பம் அங்கேயே முடிகிறது. அதன்பின் ஒலிக்கும் குரல் குழுவின் முதன்மைப் பாடகரான வின்வுட்டினுடையது அன்று என்பதைச் செவியே சொல்லிவிடும். பேக்கரின் நீண்ட முரசு வாசிப்பு அடங்கியபின் வேறெதுவும் கேட்காமல் நிறுத்துவதே அந்த ஆல்பத்துக்குச் செய்யும் நியாயம் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும், கூடுதல் பாடல் எதுவாயினும் அயலானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2001 இல் வந்த இரட்டைக் குறுந்தகட்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டவை அக்குழுவினரின் ஸ்டூடியோ அமர்வுகளிலேயே பதிவானவை.